ரூபாய்க்குக் காலணா

மயிலாடுதுறை (பழைய மாயவரம்) ஜங்ஷனில் யாரைக் கேட்டாலும், சென்னையிலிருந்து கடலூர், சிதம்பரம் வழியாக வந்து கும்பகோணம், தஞ்சாவூர் என்று போகும் தடத்தை ‘மெயின் லைன்’ என்றே சொல்வார்கள். விழுப்புரத்திலிருந்து அரியலூர் வழியாகத் திருச்சிக்குக் குறுக்கே போகும் கார்டு லைன் 1920களின் கடைசியில் வந்தது. அதன் பிறகு தென்மாவட்டத்து வண்டிகள் ஒவ்வொன்றாக அந்தப் பக்கம் போய்விட்டன. ஆனாலும் பட்டத்தை மட்டும் மாயவரத்துக்காரர்கள் விட்டுக்கொடுக்கவில்லை.

நான் வந்தது மெயின் லைனுக்காக அல்ல. இந்த ஜங்ஷனிலிருந்து தெற்கே ஒரு தடம் பிரிகிறது. பேரளம், பூந்தோட்டம், நன்னிலம், திருவாரூர், திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை, பட்டுக்கோட்டை, பேராவூரணி என்று டெல்டாவின் அடிவயிற்றை ஒட்டிப் போய் அறந்தாங்கியைத் தொடுகிறது. கோயில் பார்க்கிறவர்களுக்கு இந்த ஊர்ப் பெயர்கள் வேறு காரணங்களுக்காகத் தெரியும். எனக்கு இந்தத் தடத்தில் போக ஆசை வந்ததற்குக் காரணம் ஒன்றே. தஞ்சாவூர் ஜில்லாக்காரர்கள் தங்கள் சொந்தக் காசில் போட்டுக்கொண்ட ரயில் இது. அதாவது, சர்க்காரும் போடவில்லை, லண்டன் கம்பெனியும் போடவில்லை. ஜில்லா போர்டு போட்டது.

தை பிறந்து சில நாள் ஆகியிருந்தது. பாசஞ்சர் வண்டியில் இடம் தாராளமாகக் கிடைத்தது. ஜன்னலுக்கு வெளியே பாதி வயல் அறுத்துத் தாளடியாகக் கிடந்தது. மீதிப் பாதியில் அறுவடை மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நெல் கொள்முதல் நிலையங்களின் வாசலில் மூட்டைகளும் தார்ப்பாயும். எதிர் சீட்டில் ஒரு பெரியவர், மடியில் துணிப்பை. திருவாரூரில் மகள் வீட்டுக்குப் போகிறாராம். ரயில்வேயில் கேங்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர் என்பது தண்டவாளத்தின் சத்தத்தைப் பற்றி அவர் தானாகப் பேச ஆரம்பித்ததிலேயே தெரிந்துபோயிற்று. “மீட்டர் கேஜ்ல தடக் தடக்னு ஒரு தாளம் இருக்கும் தம்பி. இப்ப நீளமா வெல்டு பண்ணிட்டாங்க. சத்தமே இல்ல. தூக்கந்தான் வருது” என்றார்.

இந்த ரயிலை யார் போட்டது என்று அவரிடம் கேட்டேன். “வெள்ளக்காரந்தான், வேற யாரு?” என்றார். டெல்டாவில் நான் இதே கேள்வியைக் கேட்ட எல்லாரும் சொன்ன பதில் இதுதான். அது முழுப் பொய்யும் இல்லை. சட்டம் வெள்ளைக்காரன் போட்டது. தண்டவாளமும் எஞ்சினும் சீமையிலிருந்து வந்தவை. ஜில்லா போர்டின் தலைவராக உட்கார்ந்திருந்தவரும் அந்தக் காலத்தில் கலெக்டர்தான். ஆனால் காசு?

1884ஆம் வருஷத்துச் சென்னை மாகாண உள்ளாட்சி வாரியச் சட்டம், நிலத்தின் மேல் செஸ் வசூலிக்கும் அதிகாரத்தை ஜில்லா போர்டுகளுக்குக் கொடுத்தது. ரோடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சத்திரம் எல்லாம் அந்தப் பணத்தில்தான். தஞ்சாவூர்க்காரர்கள் அதற்கு மேல் ஒன்று செய்தார்கள். ரயிலுக்கென்றே தனியாக, நிலத்தின் வருஷ வாடகை மதிப்பில் ரூபாய்க்கு மூன்று தம்பிடி வரி போட்டுக்கொண்டார்கள். மூன்று தம்பிடி என்றால் காலணா. ரூபாயில் அறுபத்துநான்கில் ஒரு பங்கு. காவிரித் தண்ணீர் பாய்கிற ஜில்லாவில், லட்சக்கணக்கான ஏக்கரில், காலணா காலணாவாகச் சேர்ந்த பணம் தண்டவாளமாக மாறியது. மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டை வரை 54 மைல், மீட்டர் கேஜ், 1894இல் திறந்தார்கள். 1902இல் பட்டுக்கோட்டைக்கும் அடுத்த வருஷம் அறந்தாங்கிக்கும் நீட்டினார்கள். சென்னை மாகாணத்தில் ஜில்லா போர்டு ரயில் என்ற வழியைத் திறந்துவிட்டது இதுதான். பின்னால் கோயம்புத்தூர் ஜில்லா போர்டு போத்தனூரிலிருந்து பொள்ளாச்சிக்கும் (1915), திருநெல்வேலி ஜில்லா போர்டு திருச்செந்தூருக்கும் (1923) தடம் போட்டன.

முத்துப்பேட்டையில் ஏன் நின்றது என்று வரைபடத்தைப் பார்த்தால் புரியாது. இன்று அது ஒரு சிறிய ஊர். அன்று முத்துப்பேட்டையும் அதிராம்பட்டினமும் இலங்கைக்கு அரிசி ஏற்றிய துறைகள். நெல் விளைந்த இடத்திலிருந்து நெல் விற்கும் இடத்துக்குப் போக வேண்டும். வரி கட்டிய மிராசுதாருக்கு இதைவிடப் பெரிய நியாயம் வேண்டியதில்லை.

கேங்மேன் பெரியவர் இதைக் கேட்டுவிட்டு, “நிலம் இருந்தவன் கட்டுனான். நெலம் இல்லாதவன் மண்ணு சொமந்தான்” என்றார். ஜில்லா போர்டு ரயிலைப் பற்றி எழுத நினைக்கிற யாரும் இந்த வாக்கியத்தைத் தாண்டிப் போக முடியாது. செஸ்ஸில் ஒரு பகுதியைக் குத்தகைதாரர் தலையில் ஏற்றச் சட்டமே இடம் கொடுத்தது. போர்டில் உட்கார்ந்தவர்கள் நிலமும் படிப்பும் உள்ளவர்கள். சேரியிலிருந்து ஒருவர் போர்டு கூட்டத்தில் போய் உட்கார்ந்து, எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் ஒரு ஹால்ட் வேண்டும் என்று கேட்டிருக்க முடியாது. மக்கள் ரயில் என்று சொல்ல எனக்கு வாய் வருகிறது, சொல்லாமல் விடுகிறேன். ஜில்லாவின் ரயில், அவ்வளவுதான்.

பேரளத்தில் இறங்கிவிட்டேன். அடுத்த வண்டியில் போய்க்கொள்ளலாம் என்று பெரியவரிடம் சொன்னபோது, “இங்க என்ன இருக்கு?” என்று அவர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார்.

பேரளத்தில் இருப்பது ஒரு பிரிவு. இங்கிருந்து கிழக்கே அம்பகரத்தூர், திருநள்ளாறு வழியாகக் காரைக்காலுக்கு ஒரு தடம் போகிறது. 1898 மார்ச்சில் திறந்தது. காரைக்கால் அப்போது பிரெஞ்சு ராஜ்யம். அந்தத் தடத்துக்குச் சொந்தக்காரர் பிரெஞ்சு அரசு. ஆக, பேரளம் என்ற இந்தச் சிற்றூரில் ஒரு பக்கம் தஞ்சாவூர் ஜில்லா போர்டின் தண்டவாளம், இன்னொரு பக்கம் பாரீஸ் குடியரசின் தண்டவாளம். இரண்டின் மேலும் ஓடிய எஞ்சின், பெட்டி, டிரைவர், கார்டு, டிக்கெட் கிழிப்பவர் எல்லாம் மூன்றாவது ஆளுடையவை: லண்டனில் பதிவான தென்னிந்திய ரயில்வே கம்பெனி.

டெல்டாக்காரர்களுக்கு இந்த ஏற்பாட்டை விளக்க அதிகம் மெனக்கெட வேண்டாம். நிலம் ஒருவருடையது, உழுகிறவர் வேறொருவர், விளைச்சலில் பங்கு. ஜில்லா போர்டும் பிரெஞ்சு அரசும் மிராசுதார்கள். கம்பெனி வாரத்துக்கு உழுத ஆள். வசூலில் ஓட்டுகூலியை எடுத்துக்கொண்டு மீதியைச் சொந்தக்காரரிடம் கொடுத்தது. ஒரே வித்தியாசம், இங்கே உழுத ஆள் மிராசுதாரைவிடப் பெரிய ஆள். எந்த நேரத்துக்கு வண்டி, எத்தனை பெட்டி, எஞ்சின் எங்கே பழுது பார்ப்பது என்ற எல்லாவற்றையும் அவரே முடிவு செய்தார். பாண்டிச்சேரிக் கிளையிலும் இதே கதை. விழுப்புரத்திலிருந்து 1879இல் போன அந்தத் தடத்துக்குத் தனிக் கம்பெனி ஒன்று இருந்தது. வண்டி ஓட்டியது தென்னிந்திய ரயில்வேதான்.

எல்லை தாண்டும் ரயில் என்றால் சுங்கமும் கூடவே வரும். பிரெஞ்சுப் பகுதியில் சரக்கு மலிவு. பயணிகளின் மூட்டைகளைப் பிரித்துப் பார்ப்பது அந்தக் காலத்து வழக்கம். வயலுக்கு வயல் எல்லை மாறுகிற ஊர்களில் வரப்பின் மேல் நடந்து போகிறவரை யாரும் நிறுத்த முடியாது. ரயிலில் போகிறவர்தான் மாட்டிக்கொள்வார். 1954 நவம்பரில் காரைக்கால் இந்தியாவோடு சேர்ந்தது. எல்லை போயிற்று. கொஞ்ச காலத்தில் வண்டிக்கான கூட்டமும் பஸ்ஸுக்குப் போயிற்று. 1980களில் வண்டியை நிறுத்தி, பிறகு தண்டவாளத்தையும் எடுத்துவிட்டார்கள். மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்கு 1926இல் போட்ட கிளையும் அதே பத்தாண்டில்தான் போனது. தரங்கம்பாடிக் கிளை போனது போனதுதான். காரைக்கால் கிளையை மட்டும் இப்போது அகலப் பாதையாகத் திரும்பப் போட்டிருக்கிறார்கள். திருநள்ளாற்றுச் சனீஸ்வரனுக்குச் சனிக்கிழமைதோறும் வருகிற கூட்டத்தைப் பார்த்தால், நாற்பது வருஷம் அந்தத் தடம் சும்மா கிடந்ததுதான் ஆச்சரியம்.

பேரளத்து ஸ்டேஷன் வாசல் டீக்கடையில் ஒரு டீ குடித்துவிட்டு அடுத்த வண்டியைப் பிடித்தேன். பூந்தோட்டத்தில் அரசலாறு. அதன் பிறகு திருமலைராஜன், முடிகொண்டான் என்று ஆறு மாற்றி ஆறு. காவிரி கடலுக்குப் போகும் முன் எத்தனை கையாகப் பிரிகிறதோ அத்தனை கைக்கும் போர்டு பாலம் கட்டியாக வேண்டியிருந்தது. டெல்டாவில் கிழக்கு மேற்காகத் தடம் போடுவது சுலபம். ஆற்றோடு சேர்ந்து போய்விடலாம். வடக்கு தெற்காகப் போட்டால் ஆற்றுக்கு ஒரு பாலம், வாய்க்காலுக்கு ஒரு மதகு. கம்பெனிகள் கிழக்கு மேற்கை எடுத்துக்கொண்டன. வடக்கு தெற்கு ஜில்லா போர்டுக்கு வந்தது.

கிழக்கு மேற்குத் தடம் திருவாரூரில் வந்து குறுக்கிடுகிறது. ஆழித்தேர் ஊரில் இறங்கி ரயில் ஜங்ஷனைச் சுற்றிப் பார்க்கிற ஆள் நானாகத்தான் இருப்பேன். தென்னிந்தியாவின் ரயில் சொத்து கைமாறிய கதை முழுவதையும் சொல்ல இதைவிட நல்ல இடம் இல்லை.

நாகப்பட்டினத்திலிருந்து திருவாரூர், தஞ்சாவூர் வழியாகத் திருச்சிக்குப் போகும் இந்தத் தடத்தைப் போட்டது ‘கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா’ என்ற கம்பெனி. 1850களில் லண்டனில் உருவானது. 1861இல் வண்டி தஞ்சாவூரைத் தொட்டது, மறுவருஷம் திருச்சி. அந்தக் கம்பெனியின் பங்குதாரர்களுக்கு இருந்த சலுகையை இன்று கேட்டால் எந்த முதலாளியும் பெருமூச்சு விடுவார். நிலம் இலவசம். போட்ட பணத்துக்கு வருஷம் 5 சதவீத வட்டி உத்தரவாதம். ரயில் லாபம் பார்த்தாலும் சரி, நஷ்டப்பட்டாலும் சரி, 5 சதவீதம் வந்துவிடும். குறைந்தால் இந்திய வருமானத்திலிருந்து, அதாவது இதே நெல் வயல்களின் நிலவரியிலிருந்து, சர்க்கார் நிரப்பும். ஆக, லண்டன் கம்பெனியின் ரயிலுக்கும் தஞ்சாவூர்க்காரர்தான் பணம் கட்டினார். ஜில்லா போர்டு ரயிலுக்குக் கட்டியபோது, என்னுடையது என்று சொல்லிக்கொள்ள முடிந்தது. அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் அது சின்ன வித்தியாசம் இல்லை.

1874இல் இந்தக் கம்பெனியும் அரக்கோணம்–காஞ்சிபுரம் பக்கம் தடம் வைத்திருந்த கர்நாடிக் கம்பெனியும் சேர்ந்து தென்னிந்திய ரயில்வே ஆயின. சேர்ந்த கையோடு செய்த வேலை, போட்ட அகலப் பாதையைப் பிடுங்கி மீட்டர் கேஜாகக் குறுக்கியது. மேயோ பிரபு வைஸ்ராயாக இருந்தபோது, 1870இல், சிக்கனத்துக்காக மீட்டர் அளவைக் கொண்டுவந்திருந்தார்கள். ஐந்தரை அடி அகலத்தில் பதினைந்து வருஷம்கூட ஓடாத நாகப்பட்டினம் தடத்தை 1870களின் பின்பாதியில் மூன்றேகால் அடிச் சொச்சத்துக்குச் சுருக்கினார்கள். சுமார் நூற்று முப்பது வருஷம் கழித்து, 2000களில், இந்திய ரயில்வே அதைத் திரும்ப அதே ஐந்தரை அடிக்கு அகட்டியது. ஒரு தடத்தின் அகலத்தை முடிவு செய்கிறவர் அந்தத் தடத்தில் போகிறவராக ஒருநாளும் இருந்ததில்லை.

1890இல் சர்க்கார் தென்னிந்திய ரயில்வேயை விலைக்கு வாங்கியது. வாங்கிவிட்டு, ஓட்டும் பொறுப்பை லண்டனில் புதிதாகப் பதிவான அதே பெயருள்ள கம்பெனியிடமே திரும்பக் கொடுத்தது. பெயர்ப்பலகை மாறவில்லை, சீருடை மாறவில்லை. பிளாட்பாரத்தில் நின்றவருக்கு எஜமான் மாறியது தெரிந்திருக்க வழியே இல்லை. ஜில்லா போர்டின் வண்டி 1894இல் திருவாரூர் ஸ்டேஷனுக்குள் முதல் தடவை நுழைந்தபோது, அது சர்க்காரின் தண்டவாளத்தைத் தாண்டிக் கம்பெனி ஸ்டேஷன் மாஸ்டரின் கொடியைப் பார்த்துத்தான் நுழைந்திருக்கும். யாருடைய ரயில் என்று அன்றைக்கு ஒரு வக்கீலை வைத்துத்தான் கேட்க வேண்டியிருந்திருக்கும்.

ஸ்டேஷனில் வேறொரு விஷயத்தில் எஜமான் யார் என்பது பளிச்சென்று தெரிந்தது. சிற்றுண்டிச் சாலையில் பிராமணருக்கு ஒரு பகுதி, மற்றவருக்கு ஒரு பகுதி. ஒரே டிக்கெட், ஒரே பெட்டி, சாப்பாட்டுக்கு மட்டும் இரண்டு வாசல். பெரியாரும் அவர் இயக்கமும் தொடர்ந்து எதிர்த்து, 1941இல்தான் அந்தப் பலகைகள் இறங்கின. லண்டன் முதலாளி அதை ஏன் வைத்திருந்தார் என்று கேட்டால், வாடிக்கையாளரின் வழக்கம் என்று பதில் வந்திருக்கும். அந்த வாடிக்கையாளர் பட்டியலில் யார் இருந்தார்கள், யார் இல்லை என்பதும் அதிலேயே தெரிந்துவிடுகிறது.

இன்னொன்றும் இந்தத் தடத்தோடு சேர்ந்தது. கம்பெனியின் பெரிய பணிமனை நாகப்பட்டினத்தில் இருந்தது. ஊரின் பாதிப் பிழைப்பு அதுதான். மீதிப் பாதி துறைமுகம். பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கப்பல் ஏறியவர்கள் இந்த ரயிலில்தான் வந்து இறங்கினார்கள். 1920களின் பின்பாதியில் கம்பெனி பணிமனையைத் திருச்சிப் பொன்மலைக்கு மாற்றியது. அத்தோடு ஆள்குறைப்பும் வந்தது. 1928 ஜூலையில் தென்னிந்திய ரயில்வே முழுவதும் வேலைநிறுத்தம். தொழிலாளர் தலைவர்கள் சிங்காரவேலரும் முகுந்தலால் சர்க்காரும் முன்னின்றார்கள். வேலைநிறுத்தம் தோற்றது, இருவருக்கும் நீண்ட சிறைத்தண்டனை கிடைத்தது. எஞ்சினைப் போர்டு வைத்திருந்தால் பணிமனை ஜில்லாவை விட்டுப் போயிருக்குமா என்று நாகப்பட்டினத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும். தடத்தைச் சொந்தமாக வைத்துக்கொண்டு எஞ்சினை அடுத்தவரிடம் விட்டவர்களுக்கு இந்த மாதிரி விஷயங்களில் பேச்சு இருப்பதில்லை.

பிறகு நடந்தது சீக்கிரம் சொல்லிவிடக்கூடியது. 1944 ஏப்ரல் 1ஆம் தேதி கம்பெனியின் ஒப்பந்தம் முடிந்து ஓட்டும் பொறுப்பையும் அரசே எடுத்துக்கொண்டது. 1951 ஏப்ரல் 14 அன்று தென்னிந்திய ரயில்வே, மதராஸ்–தென் மராட்டா ரயில்வே, மைசூர் சமஸ்தான ரயில்வே மூன்றும் சேர்ந்து தெற்கு ரயில்வே பிறந்தது. ஜில்லா போர்டுகளே 1950களின் கடைசியில் கலைக்கப்பட்டன. காலணா கட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் மற்ற இந்தியரைப் போலவே இந்திய ரயில்வேயின் சொந்தக்காரர்கள் ஆனார்கள். ஒவ்வொருவரும் கோடிக்கணக்கானவர்களில் ஒருவர்.

திருவாரூரில் காரைக்குடி வண்டிக்குக் காத்திருந்தபோது நிலக்கரி ஏற்றிய கூட்ஸ் ஒன்று நாகப்பட்டினம் பக்கமிருந்து வந்து நிற்காமல் போயிற்று. பெட்டிகளை எண்ண ஆரம்பித்த ஒரு சிறுவன் முப்பதுக்கு மேல் விட்டுவிட்டான். காரைக்கால் துறைமுகத்துச் சரக்கு. 2011இல் நாகூரிலிருந்து காரைக்காலுக்கு அகலப் பாதை போட்டபிறகு அந்தக் கரிவண்டிகள் இந்த வழியாகப் போக ஆரம்பித்தன. துறைமுகத்தை 2009இல் ‘மார்க்’ என்ற சென்னைக் கம்பெனி தொடங்கியது. கடனில் மூழ்கித் திவால் வழக்குக்குப் போய், 2023இல் அதானி கைக்கு வந்தது. தடம் அரசுடையது, எஞ்சின் அரசுடையது, சரக்கு இறங்குகிற துறை தனியாருடையது. பிரெஞ்சுக்காரர் கட்டிய பழைய தடத்தில் இருந்த ஏற்பாட்டைத் தலைகீழாகப் பிடித்தால் ஏறத்தாழ இதுதான்.

பயணிகள் வண்டியையும் தனியாரிடம் விட்டுப் பார்க்க ரயில்வேக்காரர்கள் ஆசைப்பட்டார்கள். 2020இல் 109 வழித்தடங்களில் 151 தனியார் வண்டிகள் விட டெண்டர் அழைத்தார்கள். கேட்பார் அதிகம் இல்லாமல் அது படுத்துவிட்டது. 2022 ஜூனில் கோயம்புத்தூரிலிருந்து ஷீரடிக்குத் தனியார் நடத்தும் சுற்றுலா ரயில் புறப்பட்டபோது, இந்தியாவில் இப்படி ஒன்று முதல்முறை என்று பத்திரிகைகள் எழுதின. ஒருவர் தடத்தில் இன்னொருவர் வண்டி என்பது இந்த மண்ணுக்குப் புதிதா என்ன? கவலை அதில் இல்லை. ஷீரடிக்கு ஆள் வருவார்கள். இந்தத் தடத்து ஆலத்தம்பாடியில் நின்று போகும் பாசஞ்சரை ஏலம் எடுக்க ஒருவரும் வரப்போவதில்லை.

காரைக்குடி வண்டி டெமு. திருநெல்லிக்காவல், ஆலத்தம்பாடி, திருத்துறைப்பூண்டி. இங்கே வயல் மாறிவிடுகிறது. காற்றில் உப்பு. திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யம் பக்கம் அகஸ்தியம்பள்ளிக்கு உப்புக்காகவே போன 37 கிலோமீட்டர்க் கிளை, நெடுங்காலம் மூடிக் கிடந்து, 2023 ஏப்ரலில் திரும்ப ஓட ஆரம்பித்தது. 1930இல் ராஜாஜியும் தொண்டர்களும் உப்பு எடுக்கத் திருச்சியிலிருந்து அந்தக் கரைக்குப் போனபோது ரயிலில் போகவில்லை, நடந்தே போனார்கள். கிளைத் தடத்துக்கு அது ஒரு வருத்தம்தான்.

அகலப் பாதைக்காக 2012இல் மூடிய இந்தத் திருவாரூர்–காரைக்குடித் தடத்தை 2018, 2019 என்று இரண்டு பகுதியாகத்தான் திறந்தார்கள். நடுவில் 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யத்தில் கரையேறி, முத்துப்பேட்டை, பட்டுக்கோட்டை, பேராவூரணித் தென்னந்தோப்புகளைப் படுக்கவைத்துவிட்டுப் போனது. பட்டுக்கோட்டை தாண்டி ஜன்னலில் பார்க்கும்போது, ஒரே உயரத்தில் நிற்கும் இளந்தென்னைகள் எல்லாம் அதற்குப் பின் நட்டவை என்று கண்டுகொள்ளலாம்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பேராவூரணிப் பெண், திருவாரூரில் நர்ஸ் வேலை பார்க்கிறவர், தடம் திறந்த புதிதில் நடந்த கூத்தைச் சொன்னார். வழிநெடுக லெவல் கிராஸிங். கேட்கீப்பர் போட ஆள் இல்லை. அதனால் கேட்கீப்பரை வண்டியிலேயே ஏற்றி அனுப்பினார்கள். கேட்டுக்கு முன்னால் வண்டி நிற்கும். முன்பெட்டியிலிருந்து ஒருவர் இறங்கி ஓடிப்போய் கேட்டைச் சாத்துவார். வண்டி தாண்டி நிற்கும். பின்பெட்டியிலிருந்து இன்னொருவர் இறங்கிக் கேட்டைத் திறந்துவிட்டு ஓடிவந்து ஏறுவார். திருவாரூரிலிருந்து காரைக்குடிக்கு 149 கிலோமீட்டர் போக ஆறு மணி நேரத்துக்கும் மேல். “எங்க அம்மா, வீட்டுல சாதம் கட்டிக் குடுத்து அனுப்புவாங்க சார், மெட்ராஸுக்குப் போற மாதிரி” என்று சிரித்தார். பழைய கம்பன் எக்ஸ்பிரஸ் மீட்டர் கேஜில் போனதே இதைவிட வேகம் என்று ஊரில் பேசிக்கொண்டார்களாம். இப்போது ஆள் போட்டுவிட்டார்கள். தாம்பரத்திலிருந்து செங்கோட்டைக்கும் ராமேஸ்வரத்துக்கும் போகும் எக்ஸ்பிரஸ்களும் இந்த வழியாக வருகின்றன. சென்னையிலிருந்து தெற்கே போகிறவர்களுக்கு இது ஒரு சுற்றுவழி. முத்துப்பேட்டைக்காரருக்கு இதுதான் வழி.

அறந்தாங்கியில் இறங்கினேன். போர்டின் தடம் 1903இல் இங்கேதான் முடிந்தது. அப்போது தஞ்சாவூர் ஜில்லாவின் தெற்கு ஓரம் இது. அந்தப் பக்கம் புதுக்கோட்டை சமஸ்தானம், இந்தப் பக்கம் ராமநாதபுரம். காலணா எதுவரை வசூலானதோ அதுவரை தண்டவாளம் வந்து நின்றுவிட்டது. காரைக்குடிக்கு இணைப்புப் போட சுதந்திரம் வர வேண்டியிருந்தது. 1974இல் புதுக்கோட்டை மாவட்டம் பிறந்தபோது அறந்தாங்கி தஞ்சாவூரை விட்டே போய்விட்டது.

ஸ்டேஷனுக்கு வெளியே வேப்பமரத்தடியில் ஒருவர் பைக்கின் பெட்ரோல் டேங்க் மேல் ஒரு கோப்பைப் பிரித்து வைத்துக்கொண்டு, வண்டியிலிருந்து இறங்கியவர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார். பயணிகள் சங்கம். ஆபீஸ், காலேஜ் நேரத்துக்குக் காலையில் ஒரு வண்டி, மாலையில் அதே வண்டி திரும்ப வேண்டும் என்பது கோரிக்கை. திருச்சிக் கோட்ட மேலாளருக்கு ஒரு நகல், சென்னைப் பொது மேலாளருக்கு ஒன்று, டெல்லி ரயில்வே போர்டுக்கு ஒன்று, எம்.பி.க்கு ஒன்று. போன வருஷமும் கொடுத்தார்களாம். பதில் வந்ததா என்று கேட்டேன். “வந்துச்சுங்க. பரிசீலனையில இருக்குன்னு.”

ஜில்லா போர்டு கதையை அவரிடம் சொன்னேன். மேலே கையெழுத்து வாங்குவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். “அப்ப இந்த மனுவ எங்க குடுத்துருக்கணும்?”

“தஞ்சாவூர்ல.”

“பஸ்ஸுல ரெண்டு ரெண்டரை மணி நேரம். நேர்ல போய் சத்தம் போட்டுட்டு ராத்திரி வீட்டுக்கு வந்துரலாம்” என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஆனா அங்கயும் மிராசுதாருங்கதானே ஒக்காந்துருப்பாங்க?” என்றார். ஆமாம் என்றேன். “அப்ப வாசல்லயே நிக்க வச்சிருப்பாங்க” என்று சொல்லிக்கொண்டே கோப்பை என் பக்கம் திருப்பினார். நான் வெளியூர் என்றேன். அதுதான் வேண்டும், வெளியூர்க்காரர் நாலு பேர் இருந்தால்தான் டிராஃபிக் இருக்கிறது என்று காட்ட முடியும் என்றார். பெயரையும் ஊரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ‘அடிக்கடி பயணம் செய்பவரா’ என்று ஒரு கட்டம் இருந்தது. என்னைக் கேட்காமலே அவர் ‘ஆம்’ என்று எழுதிக்கொண்டார்.